வானிற் கழிந்த இளமை

போரிலே மாண்ட இளைஞரின் புகழைப் புலவர் பாடுவர். ஆசிரியனாகிய யானோ அவர்தம் வயதையே முதலில் எண்ணுகின்றேன். இந்திரலால் ரோயின் வரலாற்றைப் படித்தபோதும் அவ்வாறே எண்ணினேன்.

1898ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் கல்கத்தாவிற் பிறந்த அவர் இலண்டனிற் கல்வி பயின்றார். முதலாம் உலகப் போர் மூண்டிருந்த 1917ஆம் ஆண்டிலே, பதினெட்டு வயதினராய்ப் பிரித்தானிய விமானப் படையிற் சேர்ந்தார். அவ்வாண்டு டிசம்பரில் அவரது விமானம் பிரான்சிலே வீழ்ந்து நொறுங்கிற்று. உணர்வற்றுக் கிடந்தவரை இறந்தாரெனக் கருதிப் பிணவறையில் இட்டனர் என்றும், விழித்தெழுந்து அவர் கதவைத் தட்டினார் என்றும் கூறுவர்.

இனிப் பறத்தற்குத் தகுதியற்றவர் என்றனர் வைத்தியர். உடல் தேறிய நாட்களில் அவர் விமானங்களைச் சித்திரமாக வரைந்தார். அவ்வளவில் அமைந்திருப்பின் எவரும் பழித்திரார். அவரோ விடாது வேண்டி, 1918 யூன் மாதத்தில் மீண்டும் போர்முனை சென்றார். ஒருவர் மட்டுமே அமரும் விமானத்திற் பறந்து, யூலையில் இரு வாரங்களுக்குள் பத்து வெற்றிகள் ஈட்டினார். அம்மாதம் 22ஆம் நாள், ஜேர்மானிய விமானங்களோடு பொருதுகையில் எரிந்து வீழ்ந்தார். பறத்தல் வீரத்துக்குரிய சிலுவைப் பதக்கம் இறந்தபின் அளிக்கப்பட்டது. அதனைப் பெற்ற இந்தியருள் அவரே முதல்வர்.

அவருடைய மருகர் சுப்ரதோ முகர்ஜி 1954இல் இந்திய விமானப் படையின் தலைவரானார். மாமனுக்கோ இருபது வயதும் நிரம்பவில்லை. அந்த வயதினர் பலர் என் வகுப்பில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களுக்கு இந்திரலாலின் வீரத்தைச் சொல்லும்போது, அவர் வயதையும் வரைந்த சித்திரங்களையும் சேர்த்தே சொல்கின்றேன்.