திதியைத் தேடிய ஆசிரியர்: சங்கர் பாலகிருஷ்ண தீட்சித்

ஒரு பஞ்சாங்கம் இன்று ஏகாதசி என்கிறது. மற்றொரு பஞ்சாங்கம் நாளை என்கிறது. விரதம் இருக்க எண்ணும் குடும்பத்தார் எதை ஏற்பது என்று திகைக்கிறார்கள். வாக்கியம், திருக்கணிதம் என்ற இரு பெயர்களும் வழங்கும் தமிழகத்தில் இந்தத் திகைப்பு புதிதல்ல. வானில் இருப்பதோ ஒரே சந்திரன். அதன் நிலையைச் சொல்லும் கணக்குகள் மட்டும் ஏன் வேறுபடுகின்றன?

ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் மராட்டிய நாட்டில் ஒரு பள்ளி ஆசிரியரை இந்தக் கேள்வி ஆட்கொண்டது. அவர் பெயர் சங்கர் பாலகிருஷ்ண தீட்சித். பல்கலைக்கழகப் பட்டம் எதையும் அவர் பெற்றதில்லை, செல்வமும் இல்லை. எனினும் பாரத வானியலின் வரலாற்றை எழுதப் புகும் எவரும் அவர் நூலைத் தொடாமல் மேலே செல்ல முடியாது.

கொங்கணக் கரையிலிருந்து புனேவுக்கு

1853-ஆம் ஆண்டு ரத்தினகிரி மாவட்டத்தில் கடலோரச் சிற்றூரான முருட்டில் தீட்சித் பிறந்தார். பெண்கல்விக்காக வாழ்வை அர்ப்பணித்த மகரிஷி கார்வே வளர்ந்த ஊரும் இதுவே. சம்ஸ்கிருதமும் மராத்தியும் கற்ற தீட்சித், 1870-இல் புனே நகரின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தார். பயிற்சி முடிந்ததும் ஆசிரியப் பணி ஏற்றார். ரேவதண்டா, தாணே, பார்சி, துளே என ஊர் ஊராக மாற்றலாகிச் சென்ற எளிய வாழ்க்கை அது.

பகல் முழுவதும் மாணவர்களுக்குப் பாடம்; இரவில் வானமும் ஏட்டுச்சுவடிகளும். இவ்வாறே அவர் ஆண்டுகள் கழிந்தன. பொதுமக்களும் விண்மீன்களை அறிந்து மகிழ வேண்டும் என்று 'ஜ்யோதிர்விலாஸ்' என்ற மராத்தி நூலை எழுதினார். இரவில் இரண்டு நாழிகை இன்பம் என்னும் பொருள்படும் துணைத்தலைப்பை அதற்கு இட்டார். வானத்தைப் பார்ப்பது அவருக்குக் கடமையாக மட்டும் இருக்கவில்லை. ஆனந்தமாகவும் இருந்தது என்பதை இந்தத் தலைப்பே உணர்த்துகிறது.

சந்திரன் வைத்த சோதனை

தீட்சித் எதிர்கொண்ட சிக்கலை உணர, சந்திரனின் இயக்கத்தைச் சிறிது அறிந்துகொள்வது நல்லது.

சந்திரனுக்குச் சொந்த ஒளி இல்லை. அதன் ஒரு பாதி சூரிய ஒளியில் இருக்கிறது. அந்தப் பாதியில் எவ்வளவு நம் பக்கம் தெரிகிறது என்பதே பிறையின் அளவு. சூரியனும் சந்திரனும் ஒரே திசையில் இருப்பது அமாவாசை. எதிரெதிராக, 180 பாகை விலகி நிற்பது பௌர்ணமி. சூரியனைவிட்டு ஒவ்வொரு 12 பாகை சந்திரன் முன்னேறுவதும் ஒரு திதி. இவ்வாறு 30 திதிகள் கழிய சராசரியாக 29.53 நாட்கள் ஆகின்றன.

சந்திரன் எப்போதும் ஒரே வேகத்தில் சென்றால் ஒவ்வொரு திதியும் ஏறத்தாழ 23 மணி 37 நிமிடம் நீடிக்கும். ஆனால் அதன் பாதை நீள்வட்டம். புவிக்கு அருகே சுமார் 3,63,000 கிலோமீட்டர் தொலைவில் வரும்போது விரைந்து செல்கிறது. சுமார் 4,05,000 கிலோமீட்டர் விலகும்போது மெதுவாக நகர்கிறது. ஆகவே ஒரு திதி ஏறத்தாழ 20 மணி நேரத்திலும் முடியலாம். 27 மணி நேரத்தை நெருங்கவும் செய்யலாம். ஒரு சூரிய உதயத்தைக்கூடத் தொடாமல் சில திதிகள் மறைவதும், இரண்டு உதயங்களைத் தொட்டுச் சில நீள்வதும் இதனால்தான்.

கிரகணமும் இந்தக் கணக்கைச் சேர்ந்ததே. சந்திரனின் பாதை சூரியனின் தோற்றப் பாதைக்குச் சுமார் 5 பாகை சாய்ந்திருக்கிறது. அவை வெட்டிக்கொள்ளும் இரு புள்ளிகளையே நம் முன்னோர் ராகு, கேது என்றனர். அமாவாசையோ பௌர்ணமியோ இந்தப் புள்ளிகளுக்கு அருகில் நிகழ்ந்தால்தான் கிரகணம். இல்லையேல் நிழல் மேலோ கீழோ விலகிப் போய்விடும். இதனால்தான் மாதந்தோறும் கிரகணம் ஏற்படுவதில்லை.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. சூரியனின் ஈர்ப்பும் சந்திரனை அலைக்கழிக்கிறது. ஆகவே அதன் உண்மையான இடத்தை அறியப் பல திருத்தங்கள் வேண்டும். பழைய சித்தாந்த நூல்களில் பெரும்பாலானவை ஏறத்தாழ 5 பாகை அளவுள்ள ஒரே திருத்தத்தைக் கையாண்டன. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இது நன்கு பொருந்துகிறது. ஏனெனில் அந்த வேளைகளில் பெரிய திருத்தங்கள் இரண்டும் சேர்ந்து தரும் விளைவு ஏறத்தாழ அவ்வளவே. கிரகணங்கள் நிகழ்வதும் அப்போதுதான். ஆனால் அஷ்டமியை ஒட்டிய நாட்களில் இரண்டரைப் பாகை வரை பிழை நேரலாம். திதி முடியும் நேரம் ஐந்து மணி வரை தவறலாம். கிரகணம் சொன்னபடி பிடித்துவிட்டதே, பஞ்சாங்கத்தில் குறை எங்கே என்று கேட்பவருக்கு இதுவே விடை. கிரகணம் சரியாக வருவதால் ஏகாதசியும் சரியாக வரும் என்று சொல்வதற்கில்லை.

முன்னோர் இதை அறவே அறியாதவர் அல்லர். பத்தாம் நூற்றாண்டிலேயே முஞ்சாலர் சந்திரனுக்கு இரண்டாவது திருத்தம் ஒன்றைக் கூறினார். ஆனால் மராட்டியத்தில் பஞ்சாங்கம் கணித்தவர்கள் பெரும்பாலும் 1520-ஐ ஒட்டிக் கணேச தைவக்ஞர் இயற்றிய 'கிரகலாகவம்' என்னும் எளிய நூலையே பின்பற்றினர். எளிமை வழக்கமாயிற்று, வழக்கம் சாஸ்திரமாக எண்ணப்பட்டது.

கல்வெட்டில் ஒரு வியாழக்கிழமை

தீட்சித்தின் கணிதத் திறன் நாட்டின் வரலாற்றுக்கே பயன்பட்ட நிகழ்ச்சி ஒன்று உண்டு. குப்தர்களின் ஆண்டுக் கணக்கு எப்போது தொடங்கியது என்பதில் அறிஞர்களுக்குள் நூறாண்டுக்கு மேற்பட்ட வேறுபாடு இருந்தது. அது தீராமல் ஒரு பேரரசின் காலமே நிலைபெற முடியாது.

மத்தியப் பிரதேசத்திலுள்ள ஏரணில் புதகுப்தன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. குப்த ஆண்டு 165, ஆஷாட மாதம், வளர்பிறைத் துவாதசி, வியாழக்கிழமை என்று அது நாளைக் குறிக்கிறது. திதி சந்திரனைப் பொறுத்தது. கிழமை சந்திரனைப் பொறுத்ததன்று. இரண்டும் ஒரே நாளில் கூடுகின்றனவா என்று பார்த்தால், தவறாகக் கருதப்பட்ட ஆண்டுகள் விலகிவிடும். கல்வெட்டறிஞர் ஃப்ளீட்டுக்காகத் தீட்சித் இத்தகைய கணக்குகளைச் செய்தளித்தார். ஏரண் கல்வெட்டின் நாள் கி.பி. 484 ஜூன் 21 எனப் பொருந்தியது. குப்த ஆண்டு கி.பி. 319-320-இல் தொடங்கியது என்ற முடிவு உறுதிபெற்றது. 1888-இல் ஃப்ளீட் வெளியிட்ட குப்தர் கல்வெட்டுத் தொகுதியில் தீட்சித்தின் பங்களிப்பும் இடம்பெற்றது.

நூலே வாழ்வு

முற்காலத்தில் பேஷ்வாக்கள் பண்டிதர்களுக்கு வழங்கிய தட்சிணை, ஆங்கிலேயர் ஆட்சியில் நல்ல நூல்களுக்குரிய பரிசாக மாறியது. புனேயில் இருந்த தட்சிணைப் பரிசுக் குழு, நம் பஞ்சாங்கத்தின் வரலாற்றை எழுதுவோருக்குப் பரிசு அறிவித்தது. தீட்சித் அதை ஏற்று உழைத்தார். வேத காலம் முதல் தம் காலம்வரை கிடைத்த நூல்களைத் திரட்டி, அவற்றிலுள்ள எண்களைத் தாமே கணக்கிட்டுச் சரிபார்த்தார். 1888-இல் எழுதி முடித்த அந்தப் பெருநூல், 'பாரதீய ஜோதிஷ சாஸ்திரம்' என்ற பெயரில் 1896-இல் புனேயில் வெளிவந்தது. அதற்கு இரண்டாண்டுகள் முன்னதாக, 1894-இல், தாம் மாணவராக இருந்த புனே பயிற்சிக் கல்லூரிக்கே அவர் ஆசிரியராகத் திரும்பியிருந்தார்.

இந்நூலில் இரு வகை மிகைகளை அவர் தவிர்த்தார். பாரத வானியல் முழுவதும் கிரேக்கரிடம் கடன் வாங்கியது என்ற மேலைநாட்டுக் கருத்தைச் சான்றுகளோடு மறுத்தார். அதே வேளையில், முன்னோர் கணக்கு என்பதற்காகக் கண்ணெதிரே தெரியும் பிழையை அவர் மறைக்கவில்லை. சதபத பிராமணத்தில் கிருத்திகை பற்றி வரும் குறிப்பைக் கொண்டு அந்தப் பகுதியின் காலம் கி.மு. 3000-ஐ ஒட்டியது என்று அவர் கணித்தது இன்றும் விவாதத்துக்குரியதாகவே உள்ளது. எனினும் கணக்கைத் திறந்து காட்டி, பிறர் சோதிக்கும்படி வைத்தது அவரது நேர்மை.

அதே 1896-இல் இன்னொரு நூலும் வந்தது. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ராபர்ட் சிவெல்லுடன் இணைந்து தீட்சித் எழுதிய 'தி இந்தியன் காலண்டர்' லண்டனில் வெளியாயிற்று. விஜயநகரப் பேரரசின் வரலாற்றைப் பின்னர் எழுதிய அதே சிவெல்தான் இவர். கி.பி. 300 முதல் 1900 வரை எந்தத் திதியையும் கண்டறிய இந்நூல் வழிகாட்டியது. சூரியனிலிருந்து சந்திரன் விலகிய தொலைவு, சந்திரன் தன் நீள்வட்டத்தில் இருக்கும் இடம், சூரியன் தன் பாதையில் இருக்கும் இடம் ஆகிய மூன்றையும் மூன்று எண்களாக்கி, கூட்டலாலும் அட்டவணையாலுமே திதியை அறியும்படி செய்தார்கள். வியன்னாவைச் சேர்ந்த ஷ்ராம், இந்தியாவில் தெரிந்த சூரிய கிரகணங்களின் அட்டவணையை இணைத்தார். நூலின் முகப்பில் தீட்சித்தின் பெயருக்குக் கீழே இருந்தது புனே பயிற்சிக் கல்லூரி என்ற ஒரே அடையாளம்தான்.

ஏற்கப்படாத திருத்தம்

தீட்சித்தின் எல்லா முயற்சிகளும் வெற்றி பெறவில்லை. பருவங்களோடு மாதங்கள் ஒட்டியிருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. சூரியன் வடக்கு நோக்கித் திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22-இல். நாம் மகர சங்கராந்தியைக் கொண்டாடுவதோ ஜனவரி நடுவில். ஏறத்தாழ 71 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் இந்த இடைவெளி வளர்கிறது. லேலே, மோடக் என்ற அறிஞர்களோடு சேர்ந்து சாயன முறையிலான பஞ்சாங்கத்துக்காக அவர் உழைத்தார். மக்கள் அதை ஏற்கவில்லை. பழகிய பண்டிகை நாளை மாற்ற யாருக்கு மனம் வரும்? தீட்சித் அதற்காகக் கசப்படையாமல் பணியைத் தொடர்ந்தார்.

1898 ஜனவரி 22 அன்று மராட்டியத்தின் மீது முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. கொங்கணக் கரையின் விஜயதுர்க்கத்திலும், உள்நாட்டில் ஜேவூரிலும் வானியலார் கருவிகளோடு கூடினர். புனே அறிவியல் கல்லூரிப் பேராசிரியர் நயேகம்வாலா ஜேவூரில் அதை ஆராய்ந்தார். மூன்று மாதங்கள்கூட முடியாத நிலையில், ஏப்ரல் 20 அன்று, தமது 44-ஆம் வயதில் தீட்சித் மறைந்தார். இந்தியாவில் தெரிந்த சந்திர கிரகணங்களைப் பற்றிய துணைநூலை அதே ஆண்டில் சிவெல் வெளியிட்டார்.

விதைத்தது வீண்போகவில்லை

சென்னையில் சுவாமிக்கண்ணுப் பிள்ளை இத்துறையை மேலும் வளர்த்து, 1922-இல் கி.பி. 700 முதலான நாட்களுக்குப் பெரும் அட்டவணைகளை வெளியிட்டார். தமிழ்க் கல்வெட்டுகளின் நாட்களைச் சரிபார்க்க ஆய்வாளர்கள் அவற்றை நாடினர். 1952-இல் மேகநாத சாஹா தலைமையில் அமைந்த பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு, பருவத்தோடு ஒட்டிய மாதங்களைத் தேசிய நாட்காட்டிக்குப் பரிந்துரைத்தது. 1957 மார்ச் 22 முதல் அது நடைமுறைக்கு வந்தது. தீட்சித்தின் பெருநூல் ஹிந்தியிலும், 1969, 1981 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக ஆங்கிலத்திலும் வெளியானது.

நாம் விரதம் இருப்பது இறைவனை நினைப்பதற்காக. அந்த நினைவு உண்மையோடு கூடியதாக இருக்க வேண்டும் என்றால், சந்திரன் இருக்கும் இடத்தையும் உள்ளபடி அறிய வேண்டும். மரபை நேசித்ததால்தான் தீட்சித் அதன் பிழையைத் திருத்த முயன்றார். அன்புள்ளவரே தாயின் நோயை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்வார். அடுத்த முறை இரு பஞ்சாங்கங்கள் மாறுபடும்போது, சலிப்படையாமல் மாடிக்குச் சென்று ஒரு கணம் வானத்து நிலவைப் பார்ப்போம். அந்தப் புனே ஆசிரியருக்கு நாம் செலுத்தும் சிறிய வணக்கமாக அது அமையட்டும்.