வானநூல் கற்ற ஆலிம் ஷெய்கு தாஹிர் ஜலாலுத்தீன்

அந்தி நேரத்தில் கடையைச் சாத்திவிட்டு மஃரிபுத் தொழுகைக்கு விரையும் நம் சிம்பாங் அம்பாட் வியாபாரச் சகோதரர்கள், சுவரில் தொங்கும் தொழுகை நேர அட்டவணையை ஒரு முறை பார்த்துக்கொள்வது வழக்கம். நோன்புக் காலத்தில் அதில் உள்ள ஒரு நிமிடமும் நமக்குப் பெரிது. அந்த நேரக் கணக்கை இந்நாட்டு மக்கள் அறிய நூலாக எழுதிய முன்னோடி ஆலிம்களுள் ஒருவர் மர்ஹூம் ஷெய்கு தாஹிர் ஜலாலுத்தீன் அவர்கள்.

அன்னார் 1869ஆம் ஆண்டு மேற்குச் சுமத்ராவில் புக்கித்திங்கிக்கு அருகே பிறந்தார்கள். சிறு வயதிலேயே மக்கமாநகர் சென்று, தம் உறவினரான பேரறிஞர் ஷெய்கு அஹ்மது கத்தீப் அவர்களிடம் மார்க்கக் கல்வி பயின்றார்கள். பின்னர் 1890களில் கெய்ரோவின் அல்அஸ்ஹர் பல்கலைக்கழகத்தை அடைந்தார்கள். இல்முல் பலக் என்னும் வானநூலில் அன்னாருக்கு இருந்த தேர்ச்சியையும், கற்ற இடத்தையும் காட்டும் வண்ணம் அல்பலகீ, அல்அஸ்ஹரீ என்னும் சிறப்புப் பெயர்கள் அன்னார் பெயருடன் சேர்ந்தன.

ஆலிமுக்கு வானநூல் எதற்கு என்று சிலர் கேட்கலாம். சூரியன் உச்சி சாய்ந்தால் லுஹர். ஷாபிஈ மத்ஹபின்படி, உச்சிப்பொழுது நிழல் நீங்கலாக, ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தை எட்டினால் அஸர். சூரியன் மறைந்தால் மஃரிபு. பூமி ஒரு பாகை திரும்ப 4 நிமிடம் ஆகிறது. ஆகவே சிங்கப்பூரில் லுஹர் ஆகிச் சுமார் 14 நிமிடம் கழித்தே பினாங்கில் லுஹர் ஆகிறது. ஓர் ஊரின் அட்டவணை மற்றோர் ஊருக்கு உதவாது. கணக்கு அறிந்தவர் இல்லாவிடில் ஊரார் வணக்கமே தடுமாறும்.

1906இல் சிங்கப்பூரில் தொடங்கிய அல்இமாம் என்னும் மலாய்ப் பத்திரிகைக்கு அன்னார் ஆசிரியரானார்கள். கல்வியில் பின்தங்கிய சமுதாயம் வாணிபத்திலும் பின்தங்கும் என்பது அதன் கொள்கை. அதனை நிர்வகித்தவர் அச்சே தேசத்து வணிகர் ஷெய்கு முகம்மது சாலிம் அல்கலாலி அவர்கள் என்பதை நம் வியாபாரிகள் கவனிக்க வேண்டும். ஆலிமின் எழுதுகோலும் வணிகரின் துணையும் சேர்ந்தே அப்பணி நடந்தது. பழைய முறையே போதும் என்றிருந்தோர் இக்கூட்டத்தாரை எதிர்த்தனர், அன்னார் தளரவில்லை. பின்னர் பினாங்கு அல்மஷ்ஹூர் மதரஸாவில் மாணவர்களுக்குப் போதித்தார்கள். 1927இல் பிறந்த மண்ணைக் காணச் சென்றபோது டச்சு அரசு அன்னாரைச் சந்தேகித்துச் சில மாதங்கள் சிறையில் வைத்தது.

மலாயா திரும்பியபின் எழுத்துப் பணி தொடர்ந்தது. ஐவேளை நேரத்தையும் கிப்லாத் திசையையும் மடக்கை வாய்பாட்டால் கணிக்கும் முறையைப் பத்தி கிராஆன் என்னும் மலாய் நூலில் 1938இல் வெளியிட்டார்கள். 1956இல் கோலகங்சாரில் வபாத்தானார்கள்.

அன்னாரின் மகனார் துன் ஹம்தான் அவர்கள் 1976 முதல் 1982 வரை மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும், 1989 முதல் 2001 வரை பினாங்கு ஆளுநராகவும் விளங்கினார்கள். 1991இல் தீவின் மேற்குக் கரையில், பந்தாய் அச்சேயில், பிறை பார்க்கவும் வானை ஆராயவும் அமைந்த வானாய்வு நிலையம் தந்தையாரின் பெயரையே தாங்கி நிற்கிறது.

அன்னார் கற்ற கலையின் பயனை நாமே கண்ணால் காணலாம். ஒவ்வோர் ஆண்டும் மே 28ஆம் தேதி மாலை 5.16 மணியளவிலும், ஜூலை 16ஆம் தேதி மாலை 5.28 மணியளவிலும் சூரியன் கஃபாவின் உச்சிக்கு நேராக நிற்கும். அவ்வேளையில் செங்குத்தாக நட்ட கோலின் நிழலுக்கு நேர் எதிர்த்திசையே கிப்லா. பினாங்கில் அது நேர் மேற்கிலிருந்து சுமார் 22 பாகை வடக்கே சாய்ந்திருக்கும்.

சகோதரர்களே, இம்முறை கோலை நடும்போது பிள்ளைகளையும் அருகில் நிறுத்துங்கள். அவர்களுள் ஒருவன் வானநூல் படிக்க ஆசைப்பட்டால், அதனால் கடைக்கு என்ன லாபம் என்று கேட்டுத் தடுக்க வேண்டாம். ஒருவர் கற்ற கல்வி ஊரார் அனைவரின் தொழுகைக்கும் உதவியதை நாம் கண்டோம். வல்ல அல்லாஹ் அன்னாரின் பணிகளை ஏற்றருள்வானாக. ஆமீன்.