வெப்பத்திற்குக் கணக்கு எழுதியவர்

விஞ்ஞானி என்றால் பட்டங்களும் பதவிகளும் உடையவர் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். பல்கலைக்கழகத்தில் படிக்காத ஒருவர் நம் வீட்டு மின்சார மீட்டருக்குள் இன்றும் வாழ்கிறார் என்பதை எண்ணிப் பார்த்ததுண்டா?

ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல், 1818ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள், இங்கிலாந்தில் மான்செஸ்டரை அடுத்த சால்ஃபோர்டில், பீர் ஆலை முதலாளியின் மகனாகப் பிறந்தார். உடல் நலிந்த பிள்ளை, படிப்பெல்லாம் வீட்டிலேயே. அணுக்கொள்கை தந்த ஜான் டால்டனிடம் சில காலம் கணக்குப் பயிலும் பேறு அவருக்குக் கிட்டியது.

ஆலையின் நீராவி இயந்திரத்திற்குப் பதிலாக மின்மோட்டாரை ஓட்டினால் செலவு குறையுமா என்று ஆராய்ந்தார். குறையவில்லை! பாட்டரியில் கரைந்த துத்தநாகம் நிலக்கரியைவிடப் பெருஞ்செலவு வைத்தது. ஆயினும் அவர் சோர்ந்தாரா? இல்லை. சக்தி எவ்வழியே போகிறது என்று தேடினார். 1840இல் விடை கிடைத்தது. மின்னோட்டம் இருமடங்கானால் கம்பியில் எழும் வெப்பம் நான்கு மடங்காகும்.

பின்னர், விழும் எடைகளைக்கொண்டு நீரைக் கலக்கி, எவ்வளவு வேலை எவ்வளவு வெப்பமாகிறது என்று அளந்தார். அறிஞர் உலகம் ஆண்டுக்கணக்கில் செவிசாய்க்கவில்லை. 1847இல் ஆக்ஸ்ஃபோர்டு கூட்டத்தில், ஏறத்தாழ என் வயதே ஆன வில்லியம் தாம்சன் என்ற இளைஞர்தாம் அக்கருத்தின் அருமையை உணர்ந்தார். அவரே பிற்காலத்துக் கெல்வின் பிரபு. 1850இல் ராயல் சங்கம் ஜூலை உறுப்பினராக ஏற்றது.

இவ்வரலாறு நமக்கு எதற்கு? 2022 முதல் நம் திருப்பதியிலிருந்து திருமலைக்கு மின்சாரப் பேருந்துகள் ஏறுகின்றன. வீடுகளிலும் மின்சாரக் கார்கள் வந்துவிட்டன. சித்தூரில் கார் வாங்கிய என் மாமா, மீட்டரில் 30 யூனிட் ஓடியும் பாட்டரியில் 24தானே சேர்ந்தது, மீதியைத் தின்றது யார் என்று பௌதிகம் பயிலும் என்னைக் கேட்டார். ஜூலைத்தான் துணைக்கு அழைத்தேன்.

230 வோல்ட்டில் 10 ஆம்பியர் எடுத்தால் 2300 வாட். வீட்டுக் கம்பியின் தடை 0.2 ஓம் என்று கொண்டால், அதில் வெப்பமாவது 20 வாட்டே. ஆனால் சார்ஜ் ஏறும் நேரமெல்லாம் காரின் கருவிகள் 300 வாட் உண்பதாகக் கொள்வோம். இரண்டும் சேர்ந்து நூற்றுக்கு 14 போய்விடும். 30 ஆம்பியரில் கம்பி வெப்பம் ஒன்பது மடங்காகி 180 வாட் ஆகும். ஆயினும் 6900 வாட்டில் மொத்த இழப்பு நூற்றுக்கு 7தான். நேரம் சுருங்குவதால் கருவிகள் உண்பதும் சுருங்குகிறது. மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக மாற்றுவதில் ஆகும் இழப்பு இவற்றிற்கு மேல். ஆகவே மெல்ல ஏற்றுவதே சிக்கனம் என்பது முழு உண்மையன்று. ஆனால் மெல்லிய பழைய கம்பியில் 30 ஆம்பியர் ஓட்டினால் வீடே தீப்பற்றும்! தடித்த கம்பியும் முறையான இணைப்பும் முதலில் வேண்டும்.

மீட்டரின் ஒரு யூனிட் 36 லட்சம் ஜூல். அப்பெயருக்குரியவர் 1889ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் மறைந்தார். அவர் கல்லறையில் 772.55 என்ற எண் பொறிக்கப்பட்டுள்ளது. வெப்பத்திற்கு ஈடான வேலையென 1878இல் அவர் கண்ட அளவு அது.

தோழர்களே! வேற்று மொழி வழங்கும் ஊரில், நம் சொல்லை யார் கேட்பார் என்று தயங்கும் வேளை நமக்கு உண்டு. ஜூலின் சொல்லையும் யாரும் கேட்கவில்லை. அவர் மீண்டும் அளந்தார், அளவு பேசியது. நாமும் அளப்போம்!