நாட்டு மருந்துக் கடையிலிருந்து ஆய்வகத்துக்கு... ஆஸ்துமாவுக்கு மாத்திரை தந்த கே.கே.சென்!

சளி, இருமல்னு படுத்தா உங்க வீட்டுல என்ன நடக்கும்? பாட்டி ஆடாதொடை இலையைத் தேடுவார். அம்மா தூதுவளை ரசம் வைப்பார். ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் கஷாய வீடியோ ஒன்று வந்து விழும். மெடிக்கல் காலேஜில் படிக்கும் அண்ணன் மட்டும் இதையெல்லாம் பார்த்து முகத்தைச் சுளிப்பார்.

இதில் யார் பக்கம் நியாயம்? 100 ஆண்டுகளுக்கு முன்பே 25 வயது இளைஞர் ஒருவர் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார். அவர் யார் பக்கமும் சாயவில்லை, சோதித்துப் பார்த்தார். அவர் பெயர் கோ குவெய் சென். மருந்தியல் உலகத்துக்கு கே.கே.சென்.

மூலிகையும் கெமிஸ்ட்ரியும்

1898-ல் ஷாங்காய் அருகே ஒரு கிராமத்தில் பிறந்தவர் சென். சின்ன வயதிலேயே அப்பாவை இழந்தார். உறவில் பெரியவர் ஒருவர் பாரம்பரிய சீன வைத்தியர். அதனால் வேர், பட்டை, காய்ந்த இலை எல்லாம் சென்னுக்குப் புதிதில்லை.

படிப்பில் கெட்டிக்காரர். பெய்ஜிங்கின் சிங்ஹுவா கல்லூரியில் படித்துவிட்டு, 1918-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மருந்தாளுநர் படிப்புக்குச் சேர்ந்தார். அங்கே அவர் ஆராய்ந்தது என்ன தெரியுமா? சீனாவிலிருந்து வரவழைத்த ஒருவகை லவங்கப்பட்டை மரத்தின் இலையும் குச்சியும்! கடல் தாண்டிப் போயும் ஊர் மூலிகை அவரை விடவில்லை.

1923-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அந்த நேரத்தில் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போக, ஊருக்குத் திரும்பினார். பீக்கிங் யூனியன் மருத்துவக் கல்லூரியில் மருந்தியல் துறையில் வேலை கிடைத்தது. அமெரிக்காவிலிருந்து வந்திருந்த கார்ல் ஷ்மிட் என்ற இளம் ஆய்வாளர் அங்கே அவருக்குக் கூட்டாளி ஆனார்.

எங்கே ஆரம்பிப்பது?

சீன மருத்துவ நூல்களில் இருப்பதோ ஆயிரக்கணக்கான மருந்துகள். எதை முதலில் எடுப்பது? சென் நேராகப் போய் நின்றது அந்த உறவுக்கார வைத்தியரிடம்தான். வீரியமான மருந்து எது என்று அவர் கேட்க, வந்த பெயர்களில் முக்கியமானது மா ஹுவாங்.

இலையே இல்லாததுபோல், பச்சை நிறத்தில் துடைப்பக் குச்சி மாதிரி வளரும் புதர்ச்செடி இது. வட சீனாவின் வறண்ட நிலங்களில் முளைக்கும். மூச்சிரைப்பு, இருமல், காய்ச்சலுக்கு இதன் தண்டைக் கஷாயம் வைத்துக் குடிக்கும் வழக்கம் சுமார் 2,000 ஆண்டுகள் பழையது. இன்னொரு ஆச்சர்யம், தண்டு வியர்வையை வரவழைக்கும். அதே செடியின் வேரை வியர்வையை நிறுத்தக் கொடுப்பார்கள். எந்தப் பாகம் என்ன செய்யும் என்பது வரை அந்த வைத்தியர்கள் கவனித்து வைத்திருந்தார்கள்.

சென்னும் ஷ்மிட்டும் நாட்டு மருந்துக் கடையில் மா ஹுவாங் வாங்கிவந்து கஷாயம் வைத்தார்கள். மயக்கம் கொடுத்த நாயின் ரத்தத்தில் அதைச் செலுத்தினார்கள். ரத்த அழுத்தம் சட்டென ஏறியது. ஏறியதோடு, நெடுநேரம் இறங்காமலும் நின்றது. அட்ரினலின் செய்யும் வேலையை ஒரு செடி செய்கிறது!

செடிக்குள் இருந்த அந்தப் பொருளைத் தனியே பிரித்தெடுத்தார் சென். பழைய ஆய்வுகளைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, அதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது: எஃபெட்ரின். ஜப்பானிய வேதியியலாளர் நகாய் நாகயோஷி 1885-லேயே அதைப் பிரித்தெடுத்திருந்தார். ஆனால், கண் பாப்பாவை விரியவைக்க உதவும், அளவு கூடினால் நஞ்சு என்பதோடு கிட்டத்தட்ட விட்டுவிட்டார்கள். மூச்சிரைப்புக்கு அந்தச் செடியைக் கொடுத்து வந்த வைத்தியர்களின் அனுபவமும், ஆய்வகத்தில் இருந்த அந்தப் பொருளும் ஏறக்குறைய 40 ஆண்டுகள் சந்திக்கவே இல்லை. 1924-ல் சென்னும் ஷ்மிட்டும் வெளியிட்ட ஆய்வுதான் இரண்டையும் இணைத்தது.

மூச்சுக்குத் தவித்தவர்களுக்கு என்ன கிடைத்தது?

யோசிச்சுப் பாருங்க. இன்றைக்கு ஆஸ்துமா இருப்பவர் பாக்கெட்டில் இன்ஹேலர் இருக்கும். 1920-களில் அப்படி இல்லை. மூச்சுக்குழாய் இறுகிவிட்டால் அட்ரினலின் ஊசி போட வேண்டும். வாய்வழியாகக் கொடுத்தால் அது வேலை செய்யாது. ஊசி போட்டாலும் பலன் கொஞ்ச நேரம்தான். நடுராத்திரியில் மூச்சு முட்டினால் ஊசிக்கு எங்கே போவது?

எஃபெட்ரினை மாத்திரையாக விழுங்கலாம். பலன் சில மணி நேரம் நிற்கும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மருத்துவர்கள் அதைப் பரிசோதித்துப் பார்த்து, எழுதிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். வீட்டிலேயே வைத்துக்கொள்ள ஒரு மாத்திரை வந்தது. ஆஸ்துமா குழந்தையைப் பெற்ற அம்மாவுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்!

அதோடு நிற்கவில்லை

மீண்டும் அமெரிக்கா போன சென், 1927-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மருத்துவப் பட்டமும் பெற்றார். 1929-ல் எலை லில்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்து, 1963-ல் ஓய்வு பெறும்வரை அங்கேயே மருந்தியல் ஆய்வை வழிநடத்தினார். சீன வைத்தியத்தில் பயன்பட்ட தேரை நஞ்சைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். 1930-களில் சயனைடு விஷத்துக்கு அவர் குழு உருவாக்கிய மாற்று மருந்து, பல உயிர்களைக் காப்பாற்றியது. 1988-ல், 90 வயதில் காலமானார்.

கதையின் மறுபக்கம்

இங்கேதான் நீங்க கொஞ்சம் கவனிக்கணும். எஃபெட்ரின் மூச்சுக்குழாயை மட்டும் தளர்த்தாது. இதயத்தையும் விரட்டும், ரத்த அழுத்தத்தை ஏற்றும், தூக்கத்தைக் கெடுக்கும். அதனால்தான் 1960-களின் கடைசியில், நுரையீரலைப் பெரும்பாலும் குறிவைக்கும் சால்பியூட்டமால் போன்ற மருந்துகள் வந்ததும், ஆஸ்துமா சிகிச்சையில் எஃபெட்ரின் பின்னுக்குப் போனது.

ஆனால், மா ஹுவாங் வேறு வேஷத்தில் திரும்பி வந்தது. அமெரிக்காவில் உடல் எடையைக் குறைக்க, ஜிம்மில் சுறுசுறுப்பு கூட்ட என்று இயற்கை மூலிகை லேபிளோடு கடைகளில் விற்றார்கள். எடுத்துக்கொண்ட சிலருக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வந்தன; உயிரிழப்புகளும் நேர்ந்தன. 2004-ல் அந்தத் துணை உணவுகளை அமெரிக்க அரசு தடை செய்தது. அதே செடிதான். வைத்தியர் நோயாளியைப் பார்த்து அளந்து கொடுத்தபோது மருந்து. யாருக்கு, எவ்வளவு என்று பார்க்காமல் விழுங்கியபோது விஷம்.

நம்ம ஊர் ஆடாதொடைக்கு வருவோம். அந்த இலையில் இருக்கும் வாசிசின் என்ற பொருளை அடிப்படையாக வைத்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி இளக்கும் மருந்தை உருவாக்கினார்கள். அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் அம்ப்ராக்ஸால். வீட்டில் இருக்கும் இருமல் சிரப் பாட்டிலைத் திருப்பிப் பாருங்க, இந்த இரண்டில் ஒன்று இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பாட்டியின் கைமருந்தும் அண்ணன் நம்பும் சிரப்பும் தூரத்துச் சொந்தம்தான்!

ஆக, பாட்டி சொல்வதைக் கேலி செய்யாதீங்க. அதே நேரம், கஷாயத்தை நம்பி இன்ஹேலரை நிறுத்திவிடவும் கூடாது. மூச்சிரைப்பு, நெஞ்சு இறுக்கம், இரண்டு வாரம் தாண்டிய இருமல், சளியில் ரத்தம் என்றால் உடனே டாக்டரைப் பாருங்க. வீட்டில் என்ன மூலிகை சாப்பிடுறீங்க என்பதையும் மறைக்காமல் அவரிடம் சொல்லுங்க. ஏற்கெனவே எடுக்கும் மாத்திரையோடு அது ஒத்துப்போகுமா என்று அவர் பார்க்க வேண்டும். மூலிகையும் மருந்துதான் என்று நினைத்ததால்தான் சென் அதைச் சோதித்தார். நீங்களும் அதை மருந்தாகவே நினைங்க.