டாக்டர் ஹார்வி வைலியின் சரிதம்

பிணி தீர்க்கும் மருந்தென நம்பி நஞ்சினை விலைகொடுத்து வாங்குவோர் எந்நாட்டினும் உளர். அன்னோரைக் காத்தற்பொருட்டு அமெரிக்க ஐக்கிய நாட்டிற் பெரிதும் உழைத்தவர் ஹார்வி வாஷிங்டன் வைலி என்பார். அவர்தம் சரிதத்தை நம் சங்கத்தாரும் அவர்தம் இல்லத்தாரும் அறிதல் நலமெனக் கருதி, ஈண்டுச் சுருங்க உரைக்கின்றோம்.

இவர் 1844-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் நாள் இந்தியானா மாகாணத்தில் உழவர் ஒருவர்க்கு மகனாய்த் தோன்றினார். 1871-இல் வைத்தியப் பட்டம் பெற்றாரேனும், இவர் உள்ளம் இரசாயன நூலிலேயே சென்றது. 1874-இல் பர்டியூ சர்வகலாசாலையில் அந்நூலாசிரியராய் அமர்ந்து, 1883-இல் விவசாய இலாகாவின் தலைமை இரசாயனராகப் பொறுப்பேற்றார்.

அக்காலத்தில், புட்டியினுள் யாதுளதென உரைக்குங் கடமை மருந்து விற்போர்க்கு இருந்ததில்லை. பல் முளைக்கும் குழவியின் அழுகையை ஆற்றுமென விற்கப்பட்ட வின்ஸ்லோ அம்மையார் பாகில், அபினியினின்று எடுக்கப்படும் மார்பியா கலந்திருந்தது. தாயர் அன்பினாற் புகட்டிய அம்மருந்தே சில குழவிகளை மீளாத்துயிலில் ஆழ்த்தியது. குடியை வெறுத்தோரும் உடலுரம் தருவதென எண்ணி மதுவையே பருகினர்.

வைலி 1902-இல் பன்னிரண்டு இளைஞரைத் திரட்டி, உணவு கெடாதிருக்கச் சேர்க்கப்படும் சரக்குகளை அவர் உடன்பட்டு உண்ணச் செய்து, விளைவினை ஆராய்ந்தார். பத்திரிகைகள் அவர்களை நச்சுப்படை என்றன. 1905-இல் சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் என்பார் காலியர்ஸ் என்னும் பத்திரிகையிற் பொய்ம்மருந்துகளின் வஞ்சத்தை வெளியிட்டார். மக்கள் கிளர்ந்தனர். 1906 ஜூன் 30-ஆம் நாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் தூய உணவு மருந்துச் சட்டத்திற் கையொப்பமிட்டார். மது, அபினி, மார்பியா, கொக்கெயின் முதலியன கலந்திருப்பின், அவற்றின் அளவைச் சீட்டிற் பொறித்தல் வேண்டுமென்பது விதியாயிற்று.

1908-இல் ஹார்ப்பர் என்னும் வணிகர், அசெட்டனிலைடு என்னும் தீய சரக்கு கலந்த தலைவலி மருந்தை மூளைக்கு உணவெனவும் தீங்கற்றதெனவும் விற்றமைக்காக 700 டாலர் தண்டம் செலுத்தினார்.

ஆயினும் சட்டத்தில் ஒரு பொத்தல் இருந்தது. புற்றுநோய் தீர்க்குமெனப் பொய்கூறிய மருந்தொன்றைப் பற்றிய வழக்கில், சரக்கினைப் பற்றிய பொய்யே குற்றமாம், குணத்தைப் பற்றிய பொய் அச்சட்டத்துள் அடங்காது என 1911-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1912-இல் சட்டம் திருத்தப்பெற்றதேனும், வஞ்சிக்கும் எண்ணத்தை மெய்ப்பித்தல் வேண்டுமென அத்திருத்தம் விதித்தமையின், அறியாமையென்னும் போர்வையுள் விற்போர் ஒளிந்தனர்.

வைலிக்கும் இடர் சூழ்ந்தது. பணவிஷயமாகச் சாற்றிய குற்றத்தினின்று அதிபர் டாஃப்ட் அவரை 1911-இல் விடுவித்தார். எனினும் மேலதிகாரிகள் தம் கைகளைக் கட்டினமையாற் சலித்த அவர், 1912 மார்ச்சில் பதவி துறந்தார். பின்னர் மாதர்க்குரிய பத்திரிகையொன்றின் ஆய்வுக்கூடத்தை நடத்தி, இல்லறத்தார்க்கு அறிவு கொளுத்தினார். 1930-இல், சட்டம் பிறந்த அதே ஜூன் 30-ஆம் நாளில் உயிர்நீத்தார்.

அவர் விட்டுச்சென்ற குறை 1937-இல் உயிர்ப்பலி கொண்டது. எலிக்ஸிர் சல்பனிலமைடு என்னும் மருந்தால் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். எலிக்ஸிர் என்னும் பெயர் மது கலந்ததைக் குறிக்கும். அதனுள் மது இல்லை. டைஎதிலீன் கிளைக்கால் என்னும் நஞ்சே இருந்தது. அப்பெயர்ப் பொய் ஒன்றைப் பற்றியே அரசினர் அதனைக் கைப்பற்ற இயன்றது. நஞ்சினை விற்றது அந்நாட் சட்டப்படி குற்றமன்று! அதன் பின்னரே, தீங்கின்மையைக் காட்டாது புதுமருந்து விற்றலாகாதென 1938-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது.

சட்டம் பெரும்பாலும் இழவு வீட்டினின்றே புறப்பட்டு வருவதாகலின், அதனை மட்டும் நம்பியிருத்தல் அறிவுடைமையன்று. குழவிக்கு மருந்து புகட்டுமுன் புட்டியின் சீட்டை ஒருமுறை படித்தல் நம் இல்லந்தோறும் வழக்கமாகுக.