கல்லுக்குள் காடு கண்டவர்

ஜொகூரில், பெலுமுட் மலையை ஒட்டிய லிங்கியு பகுதிப் பாறைகளில் இலைகளின் பதிவுகள் கிடைத்துள்ளன. அவை ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அவற்றின் உறவுத் தாவரங்கள் சீனாவில் கிடைக்கின்றன. ஆனால், இந்தியாவின் அக்காலத் தாவரங்களோ முற்றிலும் வேறானவை. இத்தகைய வேறுபாட்டுக்குக் காரணம் என்ன என்னும் கேள்வியை, லிங்கியு இலைகள் ஆராயப்படுவதற்குப் பல்லாண்டுகள் முன்பே ஒருவர் எழுப்பினார். அவர்தாம் தொல்தாவரவியல் அறிஞர் பீர்பால் சாஹ்னி.

சாஹ்னி 1891-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள், இன்று பாகிஸ்தானில் உள்ள பேரா என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ருச்சி ராம் லாகூரில் வேதியியல் பேராசிரியர். அவர் விடுமுறைகளில் பிள்ளைகளை இமயமலைக்கு நடைப்பயணம் அழைத்துச் செல்வார். செடிகளைத் தேடித் திரட்டும் ஆர்வம் சாஹ்னிக்கு இளமையிலேயே வேரூன்றியது.

1911-இல் அவர் கேம்பிரிட்ஜ் சென்று பேராசிரியர் சீவர்டிடம் பயின்றார். அக்காலத்தில்தான் தென்துருவப் பயணத்தில் உயிர்நீத்த ஸ்காட் குழுவினரின் உடைமைகளோடு சில பாறைகளும் கிடைத்தன. இறக்கும் நிலையிலும் அவர்கள் அவற்றை எறிந்துவிடவில்லை. அப்பாறைகளில் இருந்த குளோசோப்டெரிஸ் இலைகளை ஆராய்ந்தவர் சீவர்டே. இந்தியாவின் நிலக்கரிப் படுகைகளிலும் இதே இலைகள் மிகுதியாக உள்ளன. சதுப்பு நிலக் காடுகளில் விழுந்த மரங்களும் இலைகளும் காற்றுப்படாமல் சேற்றில் புதைந்தன. மேலே படிந்த மண்ணின் அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் அவை மெல்ல மெல்ல நிலக்கரியாயின.

1919-இல் தாயகம் திரும்பிய சாஹ்னி, 1921-இல் லக்னோ பல்கலைக்கழகத்தின் முதல் தாவரவியல் பேராசிரியரானார். கண்டங்கள் நகர்கின்றன என்று வெக்னர் கூறியதை அறிவியலாளர் பலர் ஏற்க மறுத்த காலம் அது. சாஹ்னி தாவரங்களைச் சான்றாகக் கொண்டு சிந்தித்தார். சுமத்திராவிலும் சீனாவிலும் ஒருவகைத் தாவரங்கள். அருகிலுள்ள இந்தியாவிலோ வேறுவகை. இந்நிலங்கள் முன்பு கடலால் வெகுதூரம் பிரிந்திருந்து, பின்னரே நெருங்கி வந்திருக்க வேண்டும் என 1930-களில் அவர் எழுதினார். நிலம் நகர்ந்தது என்பதை உலகம் பொதுவாக ஏற்றுக்கொண்டபோது அவர் உயிரோடு இல்லை.

தொல்தாவரங்களை ஆராய்வதற்கென்றே ஒரு நிறுவனம் அமைய வேண்டும் என்பது சாஹ்னியின் நெடுநாள் கனவு. 1946-இல் அதனைத் தொடங்கினார். தம் நூல்களையும் தாம் சேகரித்த புதைபடிவங்களையும் அதற்கே வழங்கினார். அடிக்கல்லும் வழக்கமான கல்லன்று. பல நாடுகளின் புதைபடிவங்களைப் பதித்து அவரே அதனை உருவாக்கினார். 1949-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் பிரதமர் நேரு அக்கல்லை நாட்டினார். ஒரே வாரத்தில், ஏப்ரல் 10-இல், சாஹ்னி மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 57.

கட்டடம் இன்னும் எழும்பவில்லை. வழிநடத்த வேண்டியவரும் இல்லை. அந்நிலையில் அவருடைய மனைவி சாவித்திரி பொறுப்பை ஏற்றார். அவர் அறிவியலாளர் அல்லர். எனினும், நிறுவனத்தின் தலைமையை ஏற்றுக் கட்டடப் பணியை நிறைவேற்றினார். 1953 ஜனவரி 2-ஆம் நாள் நேருவே வந்து அதனைத் திறந்து வைத்தார். சாஹ்னியின் சமாதி அவ்வளாகத்திலேயே உள்ளது.