காளஹஸ்தியில் புறப்பட்டார், திருவையாற்றில் கரையேறினார்!

சைக்கிளில் தன்னந்தனியாக இமயமலை வரை போய் ஊர் திரும்புகிறவர்களைப் பற்றி அவ்வப்போது பத்திரிகைகளில் படிக்கிறோம். 1,300 ஆண்டுகளுக்கும் முன், வண்டி வாகனம் எதுவும் இல்லாமல், முதிய வயதில் கயிலைக்கு நடந்தே புறப்பட்ட தமிழர் ஒருவர் உண்டு. அவர்தான் அப்பர் என்னும் திருநாவுக்கரசர். வடக்கே போகவேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உதித்த இடம், திருப்பதிக்குப் போகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு வரும் காளஹஸ்தி!

அக்காளின் நிழலில்

பண்ருட்டி அருகே உள்ள திருவாமூரில் வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பெற்றோர் இட்ட பெயர் மருள்நீக்கியார். சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்தார். அக்காள் திலகவதியார்தான் வளர்த்து ஆளாக்கினார்.

வாலிபத்தில் சமண சமயத்தில் சேர்ந்து தருமசேனர் என்ற பெயருடன் புகழ் பெற்றார். கொடிய சூலை நோய் வந்தபோது அக்காளைத் தேடித் திருவதிகைக்கு வந்தார். அங்கே பதிகம் பாடி நோய் நீங்கினார். பல்லவ மன்னன் அவரைச் சுண்ணாம்புக் காளவாயில் இட்டான், கல்லோடு கட்டிக் கடலில் எறிந்தான். அவர் கலங்கவில்லை. கடைசியில் மன்னனே மனம் மாறினான் என்கிறது பெரியபுராணம்.

பிறகு கையில் உழவாரப் படையுடன் ஊர் ஊராக நடந்தார். கோயில் பிராகாரங்களில் முளைத்த புல்லைச் செதுக்குவதே அவர் தொண்டு.

காளத்தியைத் தாண்டி

சம்பந்தரும் சுந்தரரும்கூடக் காளஹஸ்திக்கு வந்தவர்கள்தான். அவர்கள் வடநாட்டுத் தலங்களை இங்கிருந்தபடியே பாடிவிட்டுத் திரும்பினார்கள். அப்பருக்கு அது போதவில்லை. பொன்முகலி ஆற்றங்கரையில் காளத்தியப்பரையும் கண்ணப்பரையும் வணங்கியதும், கயிலையை நேரில் காண ஆசை பிறந்தது.

ஸ்ரீசைலம் போனார். தெலுங்கு நாடு, கன்னட நாடு, மாளவம் எல்லாம் கடந்து காசியை அடைந்தார். அதுவரை அடியார்கள் உடன் வந்தார்கள். காசியில் அவர்களை விட்டுவிட்டு, தனியாகக் காட்டுக்குள் நுழைந்தார்.

இரவு பகல் பாராமல் நடந்தார். பாதம் தேய்ந்தது, கையை ஊன்றிப் போனார். கை தேய்ந்தது, மார்பால் ஊர்ந்தார். அதுவும் முடியாதபோது உருண்டார்.

திரும்ப மறுத்தார்

அப்போது முனிவர் ஒருவர் எதிரே வந்தார். மானிடர் அடையக் கூடிய இடமல்ல கயிலை, திரும்பிப் போவதே நல்லது என்று அறிவுரை சொன்னார். கயிலையைக் காணாமல் இந்த உடலோடு ஊர் திரும்புவதில்லை என்று அப்பர் மறுத்துவிட்டார்.

முனிவராக வந்தவர் சிவபெருமானே என்கிறார் சேக்கிழார். முனிவர் மறைந்ததும் வானில் குரல் எழுந்தது. தேய்ந்த உடல் நலம் பெற்றது. அங்கிருந்த பொய்கையில் மூழ்கி, கயிலைக் காட்சியைத் திருவையாற்றில் காணும்படி உத்தரவு கிடைத்தது. வடக்கே மூழ்கியவர், காவிரிக் கரையில் உள்ள திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார்!

கண்ட காட்சி

அங்கே யானை தன் பிடியோடு வந்தது. கோழி தன் பெடையோடு வந்தது. குயிலும் மயிலும் மானும் துணையோடு வந்தன. தினமும் நாம் காணும் உயிர்கள்தான். அவற்றிலேயே அம்மையையும் அப்பனையும் கண்டு பதிகம் பாடினார். உடல் தேயத் தேடிய கயிலை, சோழ நாட்டில் கிடைத்துவிட்டது.

அதற்காக அவர் போன வழி வீண் என்று சொல்ல முடியுமா? அத்தனை தூரம் போய்வந்த கண்தான் கோழியிலும் மயிலிலும் கயிலையைக் கண்டது. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்திருக்கும் நமக்கு இது நன்றாகவே புரியும்.

81 வயது வரை வாழ்ந்த அப்பர், திருப்புகலூரில் சித்திரைச் சதயத்தில் இறைவனடி சேர்ந்தார். அவர் கண்ட கயிலைக் காட்சி திருவையாற்றில் ஆண்டுதோறும் ஆடி அமாவாசையன்று விழாவாக நடக்கிறது. ஆடியில் லீவு போட்டு ஊருக்குப் போகிறவர்கள், ஒரு நாள் ஒதுக்கி அதையும் பார்த்துவிட்டு வரலாம்.